பெண்கள் சேர்ந்து கொடை வட்டம் நடத்துவது எப்படி: முதல் பேச்சிலிருந்து இரண்டாம் ஆண்டு வரை

பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து, ஆளுக்கு ஒரு தொகை போட்டு, யாருக்குக் கொடுப்பது என்பதைத் தாங்களே பேசி முடிவு செய்து, மொத்தமாகக் கொடுப்பதைத்தான் கொடை வட்டம் என்கிறோம். ஆறு ஆண்டுகளாக ஒரு வட்டத்தில் இருக்கிறேன், அதில் மூன்று ஆண்டு கணக்கு எழுதினேன். புதிதாகத் தொடங்கிய நான்கு வட்டங்களுக்கு முதல் வருடம் முழுக்கக் கூட இருந்து உதவியிருக்கிறேன். அவற்றில் ஒன்று எட்டே மாதத்தில் கலைந்துபோனது.

நான் பார்த்த தடுமாற்றங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தில் தொடங்குகின்றன. முதலில் பணத்தை வசூலித்துவிடுகிறார்கள், எப்படி முடிவெடுப்பது என்பதை அப்புறம் யோசிக்கிறார்கள். பணம் சேர்ந்த பிறகு எந்த விதியை எழுதினாலும் அது யாரோ ஒருவரை மனதில் வைத்து எழுதியது போலவே தெரியும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். வசூல் ஐந்தாவது படியில்தான் வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்களோடு சேர்ந்து நிற்க இன்னொரு பெண் வேண்டும். தனியாகத் தொடங்கினால் அது "உங்கள் வட்டம்" ஆகிவிடும், மற்றவர்கள் விருந்தாளி போல வந்து போவார்கள்.

நான்கு மாத அவகாசம் வேண்டும். முதல் பேச்சிலிருந்து முதல் நன்கொடை போய்ச் சேரும் வரை அவ்வளவு காலம் ஆகும். பண்டிகைக்குள் கொடுத்துவிடலாம், ஆண்டு முடிவதற்குள் கொடுத்துவிடலாம் என்று அவசரப்பட்டவர்கள், அமைப்புகளை விசாரிக்கும் ஆறாவது படியைத் தாண்டிக் குதித்தார்கள். அதன் பலன் அடுத்த ஆண்டு தெரிந்தது.

வட்டத்துக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு கூகுள் ஷீட், கையால் எழுத ஒரு நோட்டு. ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் ரசீதும் கடிதமும் சேர்ந்தால், அவர் விலகும் நாளில் வட்டத்தின் ஆவணங்கள் எல்லாம் அவரோடு போய்விடும்.

1. உங்கள் பணத்தில் உங்கள் முடிவு எவ்வளவு என்று பாருங்கள்

வட்டத்தைப் பற்றி யாரிடமும் பேசுவதற்கு முன்பு, தனியாக உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். கடந்த ஒரு வருடத்தில் உங்கள் வீட்டிலிருந்து நன்கொடையாகப் போன தொகைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரம்: கேட்டது யார், கொடுக்கலாம் என்று முடிவு செய்தது யார், ரசீது யார் பெயரில் வந்தது.

நான் எழுதியபோது ஒன்பது வரி வந்தது. ஒன்பதிலும் பணத்தை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். ஆனால் என் முடிவாக இருந்தவை இரண்டே இரண்டு. ரசீது ஒன்றுகூட என் பெயரில் இல்லை. அப்போது நான் சம்பளம் வாங்கத் தொடங்கிப் பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

தாளின் அடியில் ஒரு தொகையை எழுதுங்கள். யாரிடமும் அனுமதி கேட்காமல், வேறு எந்தச் செலவையும் தள்ளிப்போடாமல், வருடத்துக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய தொகை அது. சின்னதாக இருந்தால் சின்னதாகவே இருக்கட்டும். வட்டத்துக்கு வேண்டியது தவறாமல் வரும் பணம். ஒரு தடவை பெரிதாகக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் மூச்சு வாங்குபவரை வைத்துக்கொண்டு திட்டமிட முடியாது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, வீட்டில் சொல்லாமலே கொடுப்பது. கேட்பது வேறு, சொல்வது வேறு. அனுமதி தேவைப்படாத தொகையாக இருக்கட்டும், ஆனால் மறைக்க வேண்டாம். நான் உதவிய ஒரு வட்டத்தில் ஒருவர் மூன்றாம் மாதம் சத்தமில்லாமல் விலகினார். வங்கிக் குறுஞ்செய்தியை வீட்டில் பார்த்துவிட்டார்கள், பேச்சு வளர்ந்துவிட்டது. தொகை பெரியதே இல்லை. முதலிலேயே "மாதம் இவ்வளவு இதற்கு வைக்கப் போகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இன்றும் எங்களோடு இருந்திருப்பார்.

2. ஆட்களைச் சேர்க்க: எட்டுக்குக் குறையாமல், இருபதைத் தாண்டாமல்

எட்டுக்குக் குறைந்தால் இரண்டு பேர் வராத நாளில் முடிவு நான்கைந்து பேர் கையில் வந்துவிடும். இருபதைத் தாண்டினால் எல்லோரும் பேச நேரம் இருக்காது, ஐந்து பேர் பேசப் பதினைந்து பேர் கேட்பார்கள். பன்னிரண்டு என்பது நல்ல எண்ணிக்கை.

எல்லோரையும் ஒரே இடத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் சேர்ந்தால் அங்கே இருக்கும் மேல் கீழ் இங்கேயும் வந்து உட்கார்ந்துவிடும். மேலாளர் கை தூக்கிய பக்கம்தான் மற்ற கைகளும் தூக்கப்படும். குறைந்தது மூன்று வெவ்வேறு வட்டாரங்களிலிருந்து ஆட்கள் வரட்டும்.

உதவி பெற்று மேலே வந்த ஒருவராவது அவசியம் இருக்க வேண்டும். எங்கள் வட்டத்தில் உதவித்தொகையில் படித்த ஒருவர் இருக்கிறார். ஒரு கல்வி அமைப்பைப் பற்றி நாங்கள் எல்லாம் எத்தனை மாணவிகள், ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பணம் மாணவி கையில் எந்தத் தேதியில் சேரும்? எனக்கு எப்போதும் கட்டணம் கட்டும் கடைசித் தேதிக்குப் பிறகுதான் வந்தது. ஒவ்வொரு தடவையும் கடன் வாங்கிக் கட்டினேன்." அந்தக் கேள்வி அன்றிலிருந்து எங்கள் பட்டியலில் நிரந்தரமாக இருக்கிறது.

அழைப்பை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டாம். ஒவ்வொருவரிடமும் நேரில் அல்லது போனில் பேசுங்கள். வருடத்துக்கு நான்கு கூட்டம், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், இடையில் ஒரு மாதம் மட்டும் கொஞ்சம் வேலை அதிகம் என்று நேரக் கணக்கையும் சொல்லிவிடுங்கள். பலர் விலகுவது பணத்தால் அல்ல, நேரத்தால்.

பெரிய தொகை போடக்கூடியவரை முதலில் பிடித்துவிட்டால் மற்றது தானாக நடக்கும் என்று நினைக்காதீர்கள். அப்படித் தொடங்கிய வட்டத்தில் மற்றவர்கள் தங்கள் பங்கை வெறும் சடங்காக நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

3. பணத்துக்கு முன் விதி: ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் ஒரு முழுக் கூட்டம் ஒதுக்குங்கள். நாங்கள் ஒதுக்கவில்லை. அதற்கு இரண்டாம் ஆண்டில் விலை கொடுத்தோம்.

முடிவெடுக்கும் முறைக்கு நன்கு ஓடிய இரண்டு மாதிரிகள் உண்டு. ஒன்று, வெண்டி ஸ்டீல் 2001இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தொடங்கிய இம்பாக்ட் 100. குறைந்தது நூறு பெண்கள், ஆளுக்கு வருடம் 1,000 டாலர், சேரும் 1,00,000 டாலரை ஒரே பெரிய நன்கொடையாகக் கொடுப்பார்கள். விண்ணப்பம் வாங்கி, குழுக்கள் பல வாரம் படித்துப் பார்த்து, கடைசியில் எல்லோரும் வாக்களிப்பார்கள்.

இன்னொன்று, கேரன் டனிகன் 2006இல் மிச்சிகனில் உள்ள ஜாக்சன் நகரில் தொடங்கிய நூறு பெண்கள் முறை. ஒரு மணி நேரக் கூட்டம். உறுப்பினர்கள் முன்மொழிந்த அமைப்புகளிலிருந்து மூன்று பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். முன்மொழிந்தவர் சில நிமிடம் பேசுவார், வாக்கு எடுப்பார்கள், வென்ற அமைப்புக்கு ஒவ்வொருவரும் அங்கேயே 100 டாலருக்குக் காசோலை எழுதிவிடுவார்கள்.

முதல் முறையில் ஆய்வு ஆழமாக இருக்கும், வேலை அதிகம். இரண்டாவதில் வேலை மிகக் குறைவு, ஆனால் நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஜெயிப்பார். பன்னிரண்டு பேர் வட்டத்துக்கு நான் சொல்வது இரண்டுக்கும் நடுவே ஒன்று: ஆய்வு உண்டு, ஆனால் மூன்றே அமைப்புகளுக்கு. பணம் நேரடியாகப் போகும், பொதுவில் தேங்காது.

அந்த ஒரு பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை:

வாக்கு. போடும் தொகை எதுவானாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. குறைந்தபட்சத் தொகை ஒன்றை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் போட விரும்புபவர் போடலாம், அது கணக்கு எழுதுபவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். குறைந்தபட்சத்தை நிர்ணயிக்க, ஒவ்வொருவரும் முதல் படியில் எழுதிய தொகையைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் போடட்டும். இருப்பதிலேயே சின்ன எண்தான் குறைந்தபட்சம். சராசரி எடுத்தால் பாதிப் பேருக்கு அது சுமை.

வருகை. மூன்றில் இரண்டு பங்கு பேர் இல்லாமல் வாக்கெடுப்பு இல்லை. சமமாக வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதுங்கள். நாங்கள் இரண்டாகப் பிரித்துக் கொடுப்போம்.

சொந்தம், நட்பு. உறுப்பினரின் உறவினரோ நெருங்கியவரோ நடத்தும் அமைப்பாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்லலாம், வாக்குப் போட முடியாது. இதில் யாரையும் சந்தேகப்படுவதாக அர்த்தம் இல்லை. அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்களால் குறை சொல்ல முடியாது, அதுதான் பிரச்சினை.

தனிநபர் உதவி. நான் சொன்ன கலைந்துபோன வட்டம் கலைந்தது இந்த இடத்தில்தான். நடுவருடத்தில் ஓர் உறுப்பினர், தனக்குத் தெரிந்த ஒருவரின் அறுவை சிகிச்சைக்கு உடனே பணம் வேண்டும் என்றார். உண்மையான தேவைதான். பாதிப் பேர் கொடுக்கலாம் என்றார்கள், பாதிப் பேர் தயங்கினார்கள். தயங்கியவர்களுக்குக் கல்நெஞ்சம் என்று பெயர் வந்தது. கொடுத்தார்கள். அடுத்த மாதம் இன்னொருவர் இன்னொரு தேவையைக் கொண்டுவந்தார், இந்த முறை பணம் இல்லை. ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள், எனக்கு இல்லையா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. விதி இருந்திருந்தால் பதில் விதி சொல்லியிருக்கும். "வட்டத்தின் பணம் அமைப்புகளுக்கு மட்டும். தனிநபர் தேவையை உறுப்பினர்கள் குழுவில் தெரிவிக்கலாம், விரும்புபவர்கள் தனியாகக் கொடுக்கலாம்" என்று எழுதிவிடுங்கள்.

விலகல். வாக்கெடுப்புக்கு முன் விலகினால் பணம் திரும்ப வரும், பின்பு வராது.

எழுதி முடித்ததும் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். தோழிகளுக்குள் கையெழுத்து எதற்கு என்று ஒருவராவது கேட்பார். தோழமை கெடாமல் இருக்கத்தான்.

4. துறையைச் சுருக்குங்கள்

"கல்வி", "மருத்துவம்" என்று வைத்துக்கொண்டால் தேட முடியாது. யாருக்கு, எந்த வயதில், எந்தத் தடையை நீக்க என்று மூன்று கேள்விக்கும் பதில் இருக்கும் ஒரு வாக்கியம் வர வேண்டும். "பதினான்கு வயதுக்கு மேல் படிப்பை நிறுத்திய சிறுமிகள் திரும்பப் பள்ளிக்குப் போக" என்பது தேடக்கூடிய வாக்கியம்.

ஒவ்வொருவரும் பேசாமல் பத்து நிமிடம் எழுதட்டும், அப்புறம் சுற்றில் வாசிக்கட்டும். பேச்சை முதலில் திறந்துவிட்டால் முதலில் பேசியவரின் துறைதான் முடிவாகும்.

பெண்கள் வட்டம் என்பதால் பெண்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் யோசிக்கும்போது ஒரு விவரம் தெரிந்திருப்பது நல்லது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் பெண்களின் கொடைப் பணியை ஆய்வு செய்யும் நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. அமெரிக்காவின் மொத்த நன்கொடையில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் என்றே இயங்கும் அமைப்புகளுக்குப் போவது 2 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. பணம் ஏற்கெனவே குவியும் இடத்தில் உங்கள் தொகை கரைந்துபோகும். குறைவாகப் போகும் இடத்தில் அதே தொகை ஒரு ஆளின் ஆறு மாதச் சம்பளமாக நிற்கும்.

இரண்டு ஆண்டுக்கு ஒரே துறையில் இருங்கள். முதல் வருடம் நீங்கள் கற்றுக்கொண்டது அடுத்த வருடம் கேள்வியாக மாற அந்த அவகாசம் வேண்டும்.

5. பணம் எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்து, வசூலியுங்கள்

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பணம் சேர்க்காமலே ஒவ்வொருவரும் வாக்கு முடிந்த வாரத்தில் நேரடியாக அமைப்புக்கு அனுப்புவது. இரண்டு, ஏற்கெனவே பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளையின் கீழ் உங்கள் வட்டத்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பு வாங்குவது. மூன்று, நீங்களே பதிவு செய்துகொள்வது.

முதல் ஆண்டுக்கு முதல் வழியைத்தான் சொல்வேன். கணக்கு, தணிக்கை, வரி என்று எதுவும் உங்கள் தலையில் விழாது. ரசீது அவரவர் பெயரில் வரும், வரிச் சலுகை இருந்தால் அதுவும் அவரவருக்கே போகும். பதிவு செய்வதைப் பற்றி மூன்றாம் ஆண்டுக்கு முன் யோசிக்காதீர்கள். சேரும் தொகையை விடக் காகித வேலை பெரிதாகிவிடும்.

ஒருவரின் சொந்தக் கணக்கில் எல்லோரும் போட்டு, அவர் அனுப்புவது என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்தப் பணம் அவர் வருமானம் போலத் தெரியும், ரசீது அவர் பெயரில் வரும், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது வீட்டாரின் பணத்தோடு கலந்துவிடும். பொதுக் கணக்கு வைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி வையுங்கள்.

அனுப்பும்போது பெயரைக் கவனியுங்கள். பெரும்பாலான அமைப்புகளின் படிவத்தில் "நன்கொடையாளர் பெயர்" என்ற இடத்தில் பெண்கள் பழக்கத்தில் கணவர் பெயரையோ "திரு மற்றும் திருமதி" என்றோ எழுதிவிடுகிறார்கள். உங்கள் பெயரை எழுதுங்கள், உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள். அமைப்பு அடுத்த ஆண்டு யாரைக் கூப்பிட்டுப் பேசும், யாரிடம் கருத்துக் கேட்கும் என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது. எங்கள் வட்டத்தில் ஒருவர் பணம் அனுப்பிய அமைப்பு, நன்றிக் கடிதத்தை அவர் கணவருக்கு எழுதியது. அவர் போன் செய்து திருத்தினார். பதிவேட்டில் பெயர் மாற இரண்டு மாதம் ஆனது, விடாமல் கேட்டார்.

6. அமைப்புகளைத் தேடி மூன்றாகக் குறையுங்கள்

ஆளுக்கு ஒரு பெயர் முன்மொழியட்டும். பன்னிரண்டு பெயர் வரும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அந்த அளவை இங்கேதான். ஆனால் அளக்கும் வேலை உங்களுடையது, அதை அமைப்பின் தலையில் கட்டாதீர்கள்.

முதல் சல்லடைக்கு, வெளியே கிடைக்கும் ஆவணங்களே போதும்: பதிவு விவரம், கடைசி இரண்டு ஆண்டின் தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் யார் என்ற பட்டியல். இவை கிடைக்காத, கேட்டும் தராத அமைப்பை விட்டுவிடுங்கள். நிர்வாகக் குழு முழுக்க ஒரே குடும்பமாக இருந்தால் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

கணக்கு படிக்கத் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். மூன்று எண்ணைத் தேடினால் போதும். வருமானத்தில் ஒரே ஆளிடமிருந்து வருவது எவ்வளவு? பாதிக்கு மேல் என்றால், அந்த ஆள் நிறுத்தும் நாளில் அமைப்பும் நின்றுவிடும். கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்குக் காணும்? போன ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் பெரிதாக மாறிய தொகை எது, ஏன்?

நிர்வாகச் செலவு சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது புதியவர்களின் மிகப் பெரிய தவறு. "சம்பளத்துக்கே இவ்வளவு போகிறதே" என்பார்கள். சிறுமிகளைப் பள்ளிக்குத் திரும்ப அழைத்து வருவது வீடு வீடாக ஆள் போய்ப் பேசும் வேலை. அங்கே சம்பளம்தான் பணியே. 2013இல் அமெரிக்காவில் தொண்டு அமைப்புகளை மதிப்பிட்டு நன்கொடையாளர்களுக்குச் சொல்லும் மூன்று நிறுவனங்கள், கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ், சேர்ந்து ஒரு திறந்த மடல் எழுதின. நிர்வாகச் செலவு விகிதத்தை வைத்து மட்டும் ஓர் அமைப்பை எடைபோடாதீர்கள் என்று அதில் கேட்டுக்கொண்டன. அந்த எண்ணை எடுத்துக் கொடுத்துவந்தவர்களே சொன்னது அது.

ஆறேழு பெயராகக் குறைந்ததும் போன் செய்யுங்கள். ஒரு அமைப்புக்கு ஒருவர், அரை மணி நேரம். கேட்க வேண்டியவை: போன வருடம் நினைத்தபடி நடக்காதது எது? உங்களிடம் உதவி பெறுபவர்கள் எந்த முடிவில் பங்கெடுக்கிறார்கள்? பணம் தேவைப்படும் மாதம் எது? எங்கள் தொகை இவ்வளவுதான், அது உங்களுக்கு உபயோகமா, தொந்தரவா?

முதல் கேள்விக்கு "எல்லாம் நன்றாகவே நடந்தது" என்று பதில் வந்தால் நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன். ஒரு அமைப்பின் பொறுப்பாளர் எங்களிடம், மாலை வகுப்புக்குச் சிறுமிகள் வராமல் போனதையும், இருட்டிய பிறகு தனியே திரும்ப வேண்டியிருந்ததுதான் காரணம் என்று மூன்று மாதம் கழித்தே தங்களுக்குப் புரிந்ததையும், வகுப்பைக் காலைக்கு மாற்றியதையும் சொன்னார். அவர்களுக்குத்தான் கொடுத்தோம்.

பத்துப் பக்க விண்ணப்பம் தயாரித்து அனுப்பச் சொல்லாதீர்கள். மூன்று பேர் வேலை செய்யும் அமைப்பில் அதை எழுத ஒருவரின் ஒரு வாரம் போகும். கிடைக்காதவர்களுக்கு அந்த வாரம் நஷ்டம். போனில் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எழுதியதை அவர்களுக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கடைசி மூன்றையும் முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். இரண்டு பேர் போனால் போதும். பன்னிரண்டு பேர் போய் இறங்கினால் அன்று அங்கே வேலை நடக்காது, உபசாரம்தான் நடக்கும்.

7. வாக்கெடுப்பு நாள்

இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: அமைப்புக்குப் பதினைந்து நிமிடம் வீதம் மூன்று அறிக்கை, கேள்விக்கு அரை மணி, எழுத்துக்குப் பத்து நிமிடம், வாக்கு, மீதி நேரம் அடுத்த வேலைகளைப் பிரித்துக்கொள்ள.

ஓர் அமைப்பைப் பற்றி அறிக்கை சொல்பவர் அதை முன்மொழிந்தவராக இருக்கக் கூடாது. இந்த ஒரு மாற்றம் எங்கள் கூட்டத்தையே மாற்றியது. முன்மொழிந்தவர் பேசும்போது அது வக்கீல் வாதம் ஆகிவிடும்.

வாக்குக்கு முன் பத்து நிமிடம் அமைதியாக ஒவ்வொருவரும் தங்கள் தேர்வையும் ஒரு வரிக் காரணத்தையும் சீட்டில் எழுதட்டும். கை தூக்கச் சொல்லாதீர்கள். எங்கள் முதல் கூட்டத்தில் கை தூக்கியபோது பத்துக்கு இரண்டு. அடுத்த ஆண்டு சீட்டுக்கு மாறினோம், ஏழுக்கு ஐந்து வந்தது. பெயர் இல்லாத ஒரு சீட்டில் "போன வருடமே இதைச் சொல்ல நினைத்தேன்" என்று எழுதியிருந்தது. காரண வரிகளை உரக்க வாசித்து நோட்டில் ஒட்டிவையுங்கள். ஒரு வருடம் கழித்து எடுத்துப் படிக்கும்போது, எதை நம்பி முடிவெடுத்தோம் என்பது தெரியும்.

8. கொடுக்கும்போது கட்டுப்பாடு போடாதீர்கள்

"இந்தப் பணத்தில் மடிக்கணினி மட்டும் வாங்குங்கள்" என்று சொல்லத் தோன்றும். வாங்கியதைக் கண்ணால் பார்க்கலாமே என்ற ஆசைதான். ஆனால் சின்ன அமைப்பு தவிப்பது வாடகைக்கும் சம்பளத்துக்கும். மடிக்கணினி இருக்கும், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்க மாட்டார்.

அமெரிக்கச் செல்வந்தர் மெக்கன்சி ஸ்காட் 2020 டிசம்பரில், 4 மாத காலத்தில் 384 அமைப்புகளுக்கு ஏறத்தாழ 420 கோடி டாலர் கொடுத்ததை அறிவித்தார். எதற்குச் செலவிடுவது என்பதை அமைப்புகளே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டார், முழுத் தொகையையும் முன்னதாகவே தந்தார். அவர் குழு செய்தது முன்கூட்டி நிறைய விசாரிப்பது, விசாரித்து முடித்ததும் நம்பிக் கொடுப்பது. தொகை எவ்வளவு சின்னதானாலும் இந்த வரிசை உங்களுக்கும் பொருந்தும். ஆறாவது படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இங்கே கட்டுப்பாடு போட அவசியமே வராது.

ஒரு சின்னக் கடிதம் எழுதுங்கள்: தொகை, அனுப்பும் தேதி, பொதுச் செலவுக்கே பயன்படுத்தலாம் என்ற வரி, ஆறு மாதம் கழித்து ஒரு போன் பேசுவோம் என்ற வரி. வெற்றி பெறாத இரண்டு அமைப்புகளுக்கும் அதே நாளில் சொல்லுங்கள். அரை மணி நேரம் உங்களோடு பேசியவர்கள் அவர்கள், பதில் தெரியாமல் காத்திருக்க விடக் கூடாது.

9. கொடுத்த பிறகு

ஆறாம் மாதம் ஒரு போன், இரண்டே கேள்வி: என்ன மாறியது, என்ன கடினமாக இருந்தது. எழுத்து அறிக்கை கேட்காதீர்கள். அவர்கள் வேறு நன்கொடையாளருக்கு எழுதிய அறிக்கையின் பிரதி இருந்தால் அதுவே போதும்.

உதவி பெற்றவர்களின் படம் கேட்காதீர்கள், அனுப்பினாலும் குழுவில் பகிராதீர்கள். ஒரு சிறுமி கையில் பையோடு நிற்கும் படம் நமக்கு நிம்மதி தரும். அவள் வகுப்புத் தோழிகள் அதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அவள் பெயர் தெரியாமலே அவளுக்கு உதவ முடியும்.

10. இரண்டாம் ஆண்டுக்கு முன்

முதல் ஆண்டு முடிந்ததும் பொறுப்புகளை மாற்றுங்கள். கணக்கு எழுதுபவர், கூட்டம் நடத்துபவர், அமைப்புகளோடு பேசுபவர் என்ற மூன்று வேலையும் கைமாற வேண்டும். நான் மூன்று ஆண்டு கணக்கு எழுதியது தவறு. நன்றாக எழுதுகிறேன் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், எனக்கும் விட மனம் வரவில்லை. விளைவாக, வேறு ஒருவருக்கும் கணக்குத் தாளைத் திறந்து படிக்கத் தெரியாமல் போனது. புதியவரோடு முதல் இரண்டு மாதம் பழையவர் உட்காரட்டும், அதற்குப் பின் முழுதாக விட்டுவிடட்டும்.

போன ஆண்டு கொடுத்த அமைப்புக்கே மீண்டும் கொடுக்கலாமா என்பதைத் தனி வாக்காக எடுங்கள், புதியவற்றோடு போட்டி போட விடாதீர்கள். புதியது எப்போதும் பளிச்சென்று தெரியும். அமைப்புக்கோ இரண்டாம் ஆண்டுப் பணம்தான் ஆள் வைக்கும் தைரியத்தைத் தரும். நாங்கள் இப்போது சேரும் தொகையில் பாதியைத் தொடர்ச்சிக்கும் பாதியைப் புதியதற்கும் வைக்கிறோம்.

குறைந்தபட்சத் தொகையை மறுபடி சீட்டில் எழுதிப் பாருங்கள். ஒருவருக்கு வேலை போயிருக்கலாம், ஒருவர் வீட்டில் நோய் வந்திருக்கலாம். எண் குறைந்தால் குறைத்துவிடுங்கள். எங்கள் நான்காம் ஆண்டில் எண் கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியது. யார் எழுதினார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு மற்றவர்கள் கூடுதலாகப் போட்டதில் மொத்தத் தொகை குறையவில்லை, பன்னிரண்டு பேரும் வாக்களித்தோம்.